குழல் துடைக்க ஒரு பிறஷ்

நவம்பர் 3, திங்கள்

விடியத் தொடங்கிய தூறல். வாடைக்காற்று. வங்கி வாசலில் துவக்கோடு ஒன்பது வருடக் காவல், இன்றைக்குத்தான் என் மடத்தனத்தின் அளவு தெரிந்தது. போன கிழமை துவக்குக் குழலுக்குள் தண்ணீர் விட்டுக் கழுவினேன். மச்சான் ஜெறோம் கடலால் வந்ததும் என்ஜினுக்கு அப்படித்தான் செய்வான். ஆனால் அவன் விடுவது பவுசர் லொறியில் வரும் நல்ல தண்ணீர். நான் விட்டது கிணற்று உவர். இன்று துவக்கை மடித்து உள்ளே பார்த்தால் குழல் முழுக்கக் கறளும் துருவும்.

வெள்ளிக்கிழமை எங்கள் காவல் கம்பனிச் சேர் துவக்குப் பார்க்க ஊர்காவற்றுறைக்கு வருகிறார். கறளைக் கண்டால் வேலை போகும். பிறகு கடல்தான். மீன்பிடிக் குடும்பத்தில் வள்ளம் ஏறினால் சத்தி எடுக்கிற ஒரே ஆள் நான்.

நவம்பர் 4, செவ்வாய்

ஜெறோம் இரும்புக் கம்பிப் பிறஷ் கொண்டு வந்தான். "கறளுக்கு இரும்புதான் அத்தான் மருந்து. ரெண்டு இழுவை, பளபளக்கும்."

நம்பிக்கை இல்லை. குசினிக்குப் பின்னால் கிடந்த பழைய குழாய்த் துண்டில் தேய்த்துப் பார்த்தேன். கறள் போனது. கூடவே கோடு கோடாகக் கீறல். அதற்குள் உப்பு இறங்கினால் பிறகு கிளப்ப ஏலாது.

மனைவி றீற்றா கதவடியில் நின்றாள். "இஞ்சாருங்கோ, உந்தச் சாமான் ஒண்டும் வீட்டுக்க வரப்படாது." இவளின் தமையன் துவக்குச் சூடுபட்டு விழுந்தது இவள் கண்முன்னே. நான் வேலைக்குப் போகிற நாளெல்லாம் செபமாலையும் கையுமாக இருப்பாள். பாவம்தான். ஆனால் சோறு?

நவம்பர் 5, புதன்

லீவு. யாழ். பஸ். நாலு கடை. "துவக்குக் குழல் துடைக்கிற பிறஷ் இருக்கோ?" என்றதும் ஒரு கடையில் சனம் திரும்பிப் பார்த்தது. ஒரு அம்மா பையை எடுத்துக்கொண்டு வெளியேறினார்.

"தம்பி, உது என்னத்துக்கு?" என்றார் முதலாளி. அடையாள அட்டை காட்டிய பிறகுதான் அவருக்கும் மூச்சு வந்தது, எனக்கும்.

போத்தல் கழுவுகிற நைலோன் பிறஷ்: இந்தக் கறளுக்குக் காணாது. மஞ்சள் கம்பிப் பிறஷ்: "அசல் பித்தளை" என்றார். வாங்கினேன்.

வரும் வழியில் வேலணைக் கிளையில் இறக்கம். அங்கே காவல் நிற்கும் சிவம் அண்ணை பிறஷில் ஒரு கம்பியைப் பிடுங்கிக் காந்தத்தில் வைத்தார். ஒட்டியது.

"மேல பூச்சு, உள்ளுக்க இரும்பு. இந்தாரும், என்ர வெண்கலப் பிறஷ். குழலை விட மெது. தேயிறது பிறஷ்தான், குழல் இல்லை. திருப்பித் தரோணும், ஓமோ?"

நவம்பர் 6, வியாழன்

வங்கி பூட்டிய பின். இரண்டு தரம் பார்த்தேன், உள்ளே தோட்டா இல்லை. சிவம் அண்ணை சொன்னபடி:

– எண்ணெய் விட்டு அரை மணி ஊற.
– தோட்டா போடுகிற பக்கத்தால் தள்ள. வாய்ப் பக்கத்தால் கூடாது.
– முழுக்க வெளியே வந்த பிறகே திருப்பி இழுக்க. நடுவில் திருப்பினால் இறுகும்.
– சீலைத் துண்டால் துடைக்க. இன்னும் சீலை.

கடைசிச் சீலை வெள்ளையாகவே வந்தது. இரண்டு சின்னக் குழி, மற்றபடி சுத்தம். சந்தோசப்பட வேண்டும். ஆனால் அந்த இரண்டு குழியும் சேரின் கண்ணில் படுமே.

நவம்பர் 7, வெள்ளி

மழை. சேர் பத்து மணிக்கு. குழலுக்குள் நெடுநேரம் பார்த்தார். "நல்லா வைச்சிருக்கிறீர்."

பிறகு வெறும் துவக்கை மூடி விசையை அழுத்தினார். 'டிக்' என்ற சத்தமே இல்லை. மறுபடி அழுத்தினார். கழற்றினார். தோட்டாவில் அடிக்கிற ஊசி, பழைய எண்ணெயும் கறளுமாக இறுகிக் கிடந்தது.

"இது இப்பத்தையான் கறள் இல்லை, வருசக் கணக்கு. இது வெடிச்சே இராது. உம்மில பிழையில்லை, கழட்டிப் பாக்க வேண்டினது எங்கட ஆக்கள். புதுசு வர ரெண்டு கிழமை. அதுமட்டும் இதோடயே நில்லும். ஒருத்தருக்கும் சொல்லாதேயும்."

வேலை தப்பியது. ஆனால் இத்தனை வருடம் வெறும் பொல்லுத்தடியைப் பிடித்துக்கொண்டா மீசை முறுக்கினேன்? வெட்கம். கோபமும்.

றீற்றாவுக்கு மட்டும் சொன்னேன். முதலில் நம்பவில்லை. பிறகு விழுந்து விழுந்து சிரித்தாள். சோறு போடும்போது சிரிப்பு இல்லை.

"புதுசு வேண்டாம், இதே போதும் எண்டு சேரிட்டச் சொல்ல ஏலாதோ?"