காரில் விழுந்த உப்புப் புள்ளிகள்

பீபினாஸின் அப்பாவுக்கு,

அக்கா வீட்டுக்குக் கிளம்பிவிட்டேன். ஆட்டுக்கறிப் புலாவ் அடுப்பு மேல் இருக்கிறது, சூடாக்கிக்கொள்ளுங்கள். இரண்டு பேருக்குப் போதும். இன்னொரு ஆள் ஜவ்லோன். காலையில் வருவான்.

முகத்தைச் சுளிக்காதீர்கள். நமக்கு மாப்பிள்ளையாக வரப்போகிறவன் நேற்று ஆசையாகத்தான் உங்கள் கறுப்புக் காரைக் கழுவினான். நம் நுகுஸ் ஊர்க் கிணற்றுத் தண்ணீர் உப்பு என்பது தாஷ்கெண்ட்காரனுக்கு எப்படித் தெரியும்? வெயிலில் அப்படியே காயவிட்டான், வண்டி முழுக்க வெள்ளைப் புள்ளி விழுந்துவிட்டது. அதற்குப் போய், "ஒரு காரைக் கழுவத் தெரியல, இவனா எம்பொண்ண வச்சுக் காப்பாத்தப் போறான்?" என்று அவன் காதுபடக் கேட்டுவிட்டீர்கள். "அப்பா அந்தக் காருக்கே மாப்பிள்ளை பாக்கட்டும்" என்று சொல்லி அறைக் கதவைச் சாத்திய பீபினாஸ் இன்னும் வெளியே வரவில்லை; அவள் சாப்பாட்டை உள்ளேயே கொடுத்துவிட்டேன்.

வண்டியை நிழலில் நிறுத்துங்கள். சூடு ஆறியதும் வினிகரில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து, துணியில் நனைத்துத் துடைத்தால் புள்ளி போய்விடும். உடனே கேன் தண்ணீரால் அலசி, தானாகக் காய்வதற்குள் துண்டால் ஒற்றி எடுத்துவிட வேண்டும். இனிமேல் எப்போது கழுவினாலும் கடைசி அலசல் கேன் தண்ணீரில்தான். வினிகர் ஜன்னலோரம் இருக்கிறது.

குலாயிம்

செருப்புப் போடும்போது ஜவ்லோன் போன் செய்தான். "அத்தை, மாமா திட்டினா நான் நிக்கட்டுமா, போயிடட்டுமா?" என்று கேட்டான். நிற்கச் சொல்லியிருக்கிறேன். அவனைத் தனியாகத் துடைக்க விடாதீர்கள்.