கயிற்றில் வைத்த கை

மார்ச் 4
காலில் மாவுக்கட்டு பிரித்த பிறகு இன்றுதான் மகள் பயிற்சிக்கூடத்து ஏறுசுவர் பேச்சை எடுத்தாள். "நீ கீழ கயிறு பிடிச்சா ஏறுறேன். வேற யாரும் வேணாம்."

அன்று கீழே கயிறு பிடித்த தோழி ஒரு நொடி கவனம் தப்பியதில் சுவரிலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டவள் இவள். என் வீட்டுக்காரர், "பட்டது போதாதா?" என்றார். போதும்தான். ஆனால் பயத்தோடேயே அவள் இருந்துவிடக் கூடாது. நான் பிடிப்பேன்.

மார்ச் 7
கயிறு பிடிப்பதற்கு அங்கே பெயர் 'பிலே'யாம். சிரித்துவிட்டேன். என் படகு வேலையில் கேட்டுக் காது புளித்துப்போன சொல். துறையில் ஒட்டியதும் கேப்டன் "பிலே" என்பார். வடத்தை இரும்புக் கொம்பில் சுற்றி இறுக்குவேன். சொன்ன வேலையை வேண்டாம் என்பதற்கும் பிலே. இன்ஜின்காரர் வாய் ஓயாவிட்டால், நிறுத்தச் சொல்வதற்கும் பிலே.

"உங்க சொந்தத் தொழிலாச்சே" என்றார் பயிற்சியாளர். எனக்கும் அதே நினைப்பு.

மார்ச் 10
கயிறு பிடிக்கும் தேர்வில் தோற்றேன்.

ஆளுக்குப் பதிலாகக் கட்டிய மணல் மூட்டையைப் பாதி உயரம் ஏற்றிக் கயிற்றை இறுக்கினேன். பழக்கதோஷம் — கையை உதறிவிட்டுத் திரும்பினேன். படகில் இறுக்கியதும் அடுத்த வேலைக்கு ஓட வேண்டுமே. மூட்டை தொப்பென்று விழுந்தது.

"இங்க கட்டி முடிக்கிறதே கிடையாதுங்க. ஏறுறவங்க தரையில கால் வைக்கிற வரைக்கும் கை கயித்துலதான்" என்றார் பயிற்சியாளர்.

மகள் பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டியிருக்கலாம். அது மூட்டையாக இல்லாமல் இருந்திருந்தால்?

மார்ச் 11
"விட்டுடேன்" என்கிறார் இவர். விடுவதா? நானா?

மார்ச் 19
மாடிப்படிக் கம்பியில் கயிறு மாட்டித் தண்ணீர் வாளியை ஏற்றி இறக்குகிறேன். என் கவனத்தைக் கலைப்பது இவர் வேலை. "பால் பொங்குது" என்று தினமும் ஒரு புளுகு. இன்று நிஜமாகவே பொங்கியது. நான் அசையவில்லை. அடுப்பைத் துடைத்தவர் அவர்தான்.

மார்ச் 24
தேறினேன்.

மார்ச் 27
ஏறினாள். விழுந்த இடம் வந்ததும் நின்றுவிட்டாள்.

"அம்மா, இருக்கியா?"

"இருக்கேன்."

"கைய எடுக்கலையே?"

"எடுக்கல. நீ பாட்டுக்கு ஏறு."

ஏறவில்லை, வேண்டுமென்றே பிடியை விட்டாள், பாவி மகள். கயிறு என்னையே ஒரு சாண் தூக்கிவிட்டது. கை மட்டும் விடவில்லை. அவள் மேலே தொங்கிக்கொண்டு சிரிக்கிறாள், கீழே எனக்கு அழுகை.

மே 2
இன்று கயிறு பிடித்தது அந்தத் தோழி. மகளே கூப்பிட்டிருக்கிறாள். எனக்கு பெஞ்சில் இடம்.

உச்சியைத் தொட்டு இறங்கினாள். பக்கத்தில் இருந்த பயிற்சியாளர் என் மடியைப் பார்த்துச் சொன்னார்: "தரையில கால் வச்சாச்சுங்க."

அப்புறம்தான் மடியில் இறுக்கிப் பிடித்திருந்த கைப்பையின் வாரை விட்டேன்.