8.40க்கு வந்த அழைப்பு

மார்ச் 4, செவ்வாய்

அண்ணனின் இதயம் நேற்றுக் காலை 10.51க்கு நின்றது; 10.55க்கு மறுபடி துடித்தது. சொன்னவர் தீவிர சிகிச்சைப் பிரிவின் மருத்துவர், ஆம்புலன்ஸிலிருந்து வந்த தாளைப் பார்த்து. அடைத்திருந்த ரத்தக்குழாயை 11.49க்குத் திறந்திருக்கிறார்கள். தொண்டையில் குழாய் இருப்பதால் அண்ணன் இன்னும் பேசவில்லை. உறுதியானது இவ்வளவுதான்.

மற்றது அண்ணியும் அவர் மகனும் சொன்னது. ஆம்புலன்ஸில் வந்த பெண் எந்த அவசரமும் காட்டவில்லை. ஒரு மாத்திரையைக் கொடுத்து மென்று விழுங்கச் சொன்னாள். நெஞ்சில் ஒயர்களை ஒட்டி ஈசிஜி எடுத்தாள். பத்தொன்பது நிமிடம் வீட்டிலேயே போனது. பிறகு நாலு நிமிடத்தில் போய்ச் சேரக்கூடிய மருத்துவமனையைத் தாண்டி, பதினாறு நிமிடம் ஓட்டி இங்கே கொண்டுவந்தார்கள்.

"சித்தப்பா, புகாரை நீங்க எழுதுங்க. நான் எழுதினா ஒப்பாரியாப் போயிடும். நீங்க எழுதினா ஆணி அடிச்ச மாதிரி நிக்கும்."

எழுதினேன். ஒரு பக்கம். வலி தொடங்கிய நேரம் 10.15 என்று போட்டேன். அண்ணி சொன்ன நேரம்.

நேற்றுக் காலை எனக்கும் அண்ணன் போன் செய்திருந்தார். ஏதோ வயிறு சரியில்லை என்று. பத்திரிகையின் ஆசிரியர் குழுக் கூட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். அது வேறு.

மார்ச் 5, புதன்

குழாயை எடுத்துவிட்டார்கள். கண் திறந்தவர் கேட்ட முதல் கேள்வி: "இன்னிக்குப் பேப்பர் எங்கடா?"

மார்ச் 7, வெள்ளி

புகார் வேலை செய்துவிட்டது. அந்த மருத்துவ உதவியாளரை வண்டியிலிருந்து இறக்கிக் கிடங்கில் உட்கார வைத்திருக்கிறார்கள், விசாரணை முடியும்வரை. உறுதிப்படுத்தியவர் ஆம்புலன்ஸ் சேவையின் மேலாளர், தொலைபேசியில். வேலையே போகலாம் என்றும் சொன்னார்.

"நல்லா வேணும்" என்றான் அண்ணன் மகன்.

எனக்கு உறுத்துகிறது. முப்பத்தொரு வருடத்தில் எதிர்த்தரப்பைக் கேட்காமல் ஒரு பத்திகூட அச்சுக்கு அனுப்பியதில்லை. இந்த ஒரு பக்கத்தை அனுப்பிவிட்டேன்.

மார்ச் 8, சனி

ஆம்புலன்ஸ் நிலையத்துக்குப் போனேன். அன்று வந்த வண்டியின் ஓட்டுநர் பின்கதவைத் திறந்துபோட்டுத் தரையைக் கழுவிக்கொண்டிருந்தார். யாரென்று சொன்னேன். நிமிராமலே பேசினார்.

"புகார் எழுதினவரா? பிரமாதமா எழுதியிருக்கீங்க சார். படிச்சா எனக்கே எங்க டீச்சரம்மா மேல கோவம் வருது."

அந்த மருத்துவ உதவியாளருக்கு அங்கே அதுதான் பெயர். நோயாளியைத் தொடுவதற்கு முன் பத்துக் கேள்வி கேட்பாராம்.

"உள்ள நுழைஞ்சதும் உங்க அண்ணன் பனியனைத்தான் பார்த்தாங்க. மேல ஃபேன் சுத்துது, பனியன் பிழிஞ்செடுத்த மாதிரி நனைஞ்சிருக்கு. அவரு 'ஒண்ணுமில்லம்மா, நடந்தே வரேன்'னு எழுந்தாரு. டீச்சரம்மா போட்ட அதட்டல்ல அவரு உட்கார்ந்தாரோ இல்லையோ, நான் உட்கார்ந்துட்டேன்."

"ஈசிஜி எடுக்க அங்கேயே நேரம் போச்சே?"

"அதுல தெரிஞ்சதாலதான் ஷாக் குடுக்கிற பேடை முன்கூட்டியே நெஞ்சுல ஒட்டுனாங்க. ஒட்டி மூணு நிமிஷத்துல வீட்டுலயே இதயம் நின்னுடுச்சு. அடுத்த அரை நிமிஷத்துல முதல் ஷாக். மூணு மாடி சார், லிஃப்ட்ல ஆளைத் தூக்கிட்டுப் போற நாற்காலி நுழையாது. படித் திருப்பத்துல நின்னிருந்தா எங்க படுக்க வச்சு அழுத்துறது?"

"பக்கத்து ஆஸ்பத்திரி?"

"போயிருக்கலாம். அவங்களும் ஒரு ஈசிஜி எடுத்துட்டு இப்ப அவரு இருக்கிற இடத்துக்குத்தான் அனுப்பியிருப்பாங்க. அடைப்பை எடுக்கிற வசதி அங்க கிடையாது."

கிடங்கில் அந்த மருத்துவ உதவியாளர் பஞ்சுருளைகளை எண்ணிக்கொண்டிருந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும்.

"விசாரணை முடியறவரைக்கும் நான் பேசக் கூடாது சார்" என்றார். பிறகு, "அண்ணன் எப்படி இருக்காங்க?"

"எழுந்து உட்கார்ந்தார்."

தலையசைத்தார். எண்ணிக்கை விட்டுப்போய்விட்டது போல, முதலிலிருந்து தொடங்கினார்.

மாலையில் இரண்டு இதய மருத்துவர்களிடம் தனித்தனியே கேட்டேன். ஓட்டுநர் சொன்னதில் தவறில்லை என்றார்கள் இருவரும்.

மார்ச் 11, செவ்வாய்

விசாரணை. நீள மேசை, மூன்று பேர். நடுவில் ஓய்வுபெற்ற மருத்துவர். இந்தப் பக்கம் நானும் அண்ணன் மகனும். அந்தப் பக்கம் மருத்துவ உதவியாளர் மட்டும்.

எல்லாம் ஒரே கேள்வியில் வந்து நின்றது: வலி எப்போது தொடங்கியது? அண்ணனின் இதயம் இப்போது பாதி வலுவில்தான் இயங்குகிறது. 10.15 என்றால் பழி அந்தப் பத்தொன்பது நிமிடத்தின்மேல் விழும். அவர் தாளில் இருப்பது 8.15; அப்படியானால் ஆம்புலன்ஸ் வருவதற்கு வெகு முன்பே சேதம் தொடங்கிவிட்டது.

"குடும்பம் ஒண்ணு சொல்றாங்க, நீங்க ஒண்ணு எழுதியிருக்கீங்க" என்றார் நடுவர். "நினைவு தப்பப்போற ஆள் பேசினதை எப்படி எடுத்துக்கிறது?"

"தெளிவாத்தான் பேசினார் சார். சொன்னதைச் சொன்னபடி எழுதினேன்."

தாளின் நகல் எங்களிடமும் வந்தது. அண்ணன் மகன் நேரங்களை மட்டும் விரலால் கூட்டிப் பார்த்தான். நான் கீழே இருந்ததைப் படித்தேன். நோயாளி சொன்னதை மேற்கோள் குறிக்குள் எழுதியிருந்தார்:

"8.15க்குத் தாடையில இழுத்துப் பிடிச்சுது. அப்புறம் வேர்த்துச்சு. 8.40க்குத் தம்பிக்குப் போன் பண்ணேன். காஸா இருக்கும், சுடுதண்ணி குடிச்சிட்டுப் படுங்கன்னான். படுத்தேன்."

என் வார்த்தைகள். ஒரு எழுத்துகூட மாறவில்லை.

யாரும் அதை உரக்கப் படிக்கவில்லை. அவர் என் பக்கம் திரும்பவேயில்லை. தம்பி யாரென்று புகாரின் கையெழுத்தைப் பார்த்தவருக்குத் தெரியாமலா இருக்கும்?

வீட்டுக்கு வந்து போனைப் பார்த்தேன். 8.40. இரண்டு நிமிடம் பத்து நொடி. வயிறு என்று ஏன் எழுதினேன், இந்த நோட்டில், எனக்கு நானே? தாடை என்றுதான் சொன்னார். "அதுக்குப் பல் டாக்டரைக் கூப்பிடணும், என்னைக் கூப்பிடுறீங்க"ன்னேன். ரெண்டு பேரும் சிரிச்சோம். அப்புறம்தான் காஸ், சுடுதண்ணி.

பன்னிரண்டு வருடம் முன்பு நலவாழ்வுப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டபோது 'மாரடைப்பு: தாடையும் வலிக்கும்' என்று தலைப்பு வைத்தவன் நான்.

மார்ச் 12, புதன்

"அண்ணிகிட்ட ஏன் சொல்லல?" என்று அண்ணனைக் கேட்டேன்.

"என்னன்னு சொல்றது? நீ என்ன டாக்டரா? டாக்டருக்குப் போட்டா ஓடி வரச் சொல்லுவான். உனக்குப் போட்டா ஒண்ணுமில்லம்ப. அதான் உனக்குப் போட்டேன்."

கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிக்கொண்டார்.

"அந்தப் பொண்ணு அதட்டினது மட்டும் காதுலயே இருக்கு. அதுக்கு வேலை போயிடுமா?"

"போகலாம்."

"அப்ப எழுதுடா. வேற என்ன தெரியும் உனக்கு."

மார்ச் 13, வியாழன்

எட்டு வரி. வலி 8.15க்குத் தொடங்கியது, 8.40க்கு நோயாளி என்னிடம் சொன்னார். காஸாக இருக்கும், சுடுதண்ணீர் குடித்துவிட்டுப் படுங்கள் என்றேன். அழைப்புப் பதிவு இணைப்பில். முந்தைய புகாரைத் திரும்பப் பெறுகிறேன்.

கொடுப்பதற்கு முன் அண்ணியிடம் படித்துக் காட்டினேன். காத்திருப்பு அறையில் துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். முடிக்கும்வரை மடிப்பதை நிறுத்தவில்லை.

"தூங்குறார்னு நினைச்சேன். சத்தம் வேண்டாம்னு கதவை வேற சாத்திட்டுப் போனேன்." பிறகு, "பத்தேகால்னு நான் பார்த்த நேரத்தைச் சொன்னேன். உங்களுக்குத் தெரியுமில்ல? தெரிஞ்சுமா அந்தப் பொண்ணு மேல எழுதுனீங்க?"

கடைசித் துணியையும் மடித்துப் பையில் வைத்தார்.

"கொஞ்ச நாளைக்கு இங்க வராதீங்க."

அவர் மகன் எழுந்து போனான்.

மார்ச் 14, வெள்ளி

கொடுத்தேன். முத்திரை குத்தி நகல் தந்தார்கள். நேரம் 11.20.

மார்ச் 16, ஞாயிறு

மாலை 6.10க்குப் போன். அண்ணி.

"நாளைக்குப் பத்து மணிக்கு வீட்டுக்கு அனுப்புறாங்களாம். இவன் வண்டியில அவருக்குக் காலை நீட்ட முடியாது. உங்க காரை எடுத்துட்டு வாங்க."

"சரி அண்ணி."

"ஒன்பதரைக்கே வந்துடுங்க. கீழ இருந்து போன் பண்ணிட்டு நிக்காம மேல வாங்க."

வைத்துவிட்டார். அண்ணன் மகன் இன்னும் என்னோடு பேசவில்லை. எப்போது பேசுவான் என்று சொல்லக்கூடியவர் யாருமில்லை. இதயம் எவ்வளவு தேறியிருக்கிறது என்பதை ஆறு வாரம் கழித்து ஸ்கேன் எடுத்துச் சொல்வார்கள்.

விசாரணையின் முடிவு புதன்கிழமை பகல் பன்னிரண்டுக்குள் வரும் என்று அலுவலக எழுத்தர் சொல்கிறார். அதுவரை அந்த மருத்துவ உதவியாளர் கிடங்கில்தான் இருப்பார். ஓட்டுநரைக் கேட்டேன்: வண்டியில் இப்போது வேறொருவர் போகிறார், புதியவர், கேள்வி அதிகம் கேட்பதில்லையாம்.