ஜீப்புக்குத் தடவிய ஆட்டுக்கொழுப்பு

ஜனவரி 8

போர்வைக்குள் டார்ச் வெளிச்சத்தில் எழுதுகிறேன். பயத்தை வாய்விட்டுச் சொன்னால் அது நடந்துவிடும் என்பாள் அம்மா. எழுதினால்? தெரியவில்லை.

அம்மாவுக்கு இது பிரசவ மாதம். ஆஸ்பத்திரி மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. எங்கள் பழைய ஜீப்பின் பூட்டு இன்று காலையும் உறைந்துவிட்டது. அப்பா சாவியை லைட்டரில் காய்ச்சிக் காய்ச்சிச் செருகினார். கதவு ரப்பரும் ஒட்டிக்கொண்டிருந்தது. நான் பள்ளிக்குத் தாமதம். அது போகட்டும். வலி வந்த பிறகு இப்படி ஆனால்?

ஜனவரி 10

ரப்பருக்கு அடிக்கும் எண்ணெய் கடையில் தீர்ந்துவிட்டதாம். "லாரி வந்தாதான்" என்றார் அப்பா. "வழுவழுன்னு ஏதாவது தடவினா போதும், ஒட்டாது."

வழுவழுன்னு ஏதாவது...

ஜனவரி 11

செய்துவிட்டேன்! சமையலறையில் இருந்த ஆட்டுவால் கொழுப்பை உருக்கி எல்லாக் கதவு ரப்பருக்கும் தடவினேன். பனி நுழையாதபடி சாவித் துவாரத்தின் மேலும் அப்பினேன். பின்கதவுக்கு மட்டும் போதவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. "உன் மேல என்னடி சூப் வாசம்?" என்றாள் அம்மா.

ஜனவரி 12

கதவு சத்தமே இல்லாமல் திறந்தது. "ஜீப்புக்குப் புத்தி வந்துருச்சு" என்றார் அப்பா. சிரிப்பை அடக்கப் பட்ட பாடு!

ஜனவரி 14



காலையில் அம்மாவுக்கு வலி எடுத்தது. ஓடிப் போய்ப் பார்த்தால், பக்கத்து வீட்டு செவெல்மா அத்தையின் நாய் ஜீப்பை நக்கிக்கொண்டிருக்கிறது! கொழுப்பு முழுக்கக் காலி. கதவு இடுக்கிலும் சாவித் துவாரத்திலும் அதன் எச்சில் கண்ணாடி மாதிரி உறைந்து கிடந்தது.

ஐயோ, என்ன காரியம் பண்ணிட்டேன்!

"கொழுப்பு தடவுனது யாரு?" அப்பா கத்தினார். நான் கை தூக்கினேன். அதற்குள் அத்தை கொதிக்கிற பால் டீயோடு ஓடி வந்தாள்.

"தள்ளு கோங்கோர், பூட்டுல ஊத்தறேன்!" என்று அப்பாவை ஒதுக்கினாள்.

"வேணாங்க்கா! அதுவும் உறைஞ்சிரும்! உங்க நாய் பண்ணதே போதும்!"

"என் நாய் என்ன பண்ணும்? விருந்து வச்சது உன் பொண்ணு!"

கொழுப்பு தடவாத பின்கதவு மட்டும் திறந்தது. அப்பா அதன் வழியாக நுழைந்தார். கம்பளிக் கோட்டோடு தலையும் ஒரு தோளும்தான் போயின. அத்தை காலைப் பிடித்து வெளியே இழுத்தாள். அம்மா சுவரில் சாய்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "என்னைச் சிரிக்க வைக்காதீங்க, இங்கேயே பெத்துருவேன்!"

நான் கோட்டைக் கழற்றி எறிந்துவிட்டு உள்ளே பாய்ந்தேன். சீட்டுக்கு மேலே ஊர்ந்து, உள்பூட்டை விடுவித்து, மல்லாந்து படுத்து, இரண்டு காலாலும் முன்கதவை உதைத்தேன். அசையவில்லை. உதைத்தேன். அழுதுகொண்டே உதைத்தேன். படார்! பனிக்கட்டி சிதறி, கதவு அப்பாவின் முழங்காலில் போய் இடித்தது.

வண்டி கிளம்பும்போது அத்தை வழக்கம்போல, பயணம் நல்லபடி முடியட்டும் என்று பால் தெளிக்கக் கரண்டியை ஓங்கினாள். அப்பா கண்ணாடியை இறக்கி, "சக்கரத்துக்கு மட்டும்! கதவுல ஒரு சொட்டு பட்டுச்சு..." என்று கத்தியபடியே போனார்.

நான் அத்தை வீட்டில் இருக்கிறேன். இன்னும் ஒரு செய்தியும் இல்லை.

ஜனவரி 15

தம்பி!

ஜனவரி 19

வீட்டுக்கு வந்துவிட்டார்கள். அத்தை துணியை விலக்கிப் பார்த்து, "சீ, எவ்வளவு அவலட்சணம்!" என்றாள். அம்மாவுக்கு முகம் பூரித்துவிட்டது. பிறந்த குழந்தையை அழகு என்று யாராவது சொல்வார்களா? கண் பட்டுவிடாதா?

அம்மா அவனை என் மடியில் வைத்தாள். கொட்டாவி விட்டான். என் விரலைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

நான் பார்த்ததிலேயே இவனைப் போல அசிங்கமான பிள்ளை உலகத்தில் கிடையாது.

தூக்கம் வருகிறது. டார்ச்சை அணைக்கிறேன்.