வெட்டாதே என்று கட்டிய சீட்டு

ஜூன் 4, செவ்வாய்

துப்பாக்கியை ஆர்லோவின் பட்டறையில் கொடுத்து இன்றோடு நாலு வாரம். குழலில் நாலு அங்குலம் வெட்ட வேண்டும், அவ்வளவுதான் வேலை. போன் செய்தால், "அடுத்த வாரம், கொரீன்" என்கிறார். எந்த வாரத்துக்கு அடுத்த வாரம்?

பிப்ரவரியில் டாக்டர் இடது தோளில் கத்தி வைத்த பிறகு அந்த இருபத்து நாலு அங்குல எட்டுப்பட்டைக் குழலை என்னால் தாங்கிப் பிடிக்க முடியவில்லை. கனம் எல்லாம் முன்பக்கம். நாலாவது குண்டுக்குள் கை நடுங்கி, குழலின் மூக்கு தரையைப் பார்க்கிறது. இருபது அங்குலமாக்கினால் செப்டம்பரில் மாநிலப் போட்டியில் நிற்பேன். இல்லையென்றால் இந்த வருஷம் இல்லை. அறுபத்திரண்டு வயதில் 'இந்த வருஷம் இல்லை' என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

ஜூன் 15, சனி

கௌபாய் காலத்து வேஷம் போட்டு அந்தக் காலத்து மாதிரித் துப்பாக்கியால் சுடும் எங்கள் கிளப்பில் மாதப் போட்டி. எல்லோரும் தொப்பியும் பூட்ஸுமாக 1880-க்குப் போய்விட்டார்கள். நான் நீளப் பாவாடையைக் கட்டிக்கொண்டு ஸ்கோர் பலகையோடு மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். வெயில் மண்டையைப் பிளந்தது.

குழலை வெட்டக் கொடுத்திருக்கிறேன் என்றதும் ஆளாளுக்கு நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்கள். "ஐயையோ, அது சரித்திரம்மா! அதைப் போய் வெட்டுவாங்களா?" என்றான் டெல்பர்ட்.

என்ன சரித்திரம்? ஆறு வருஷத்துக்கு முன் இத்தாலியில் மெஷினில் செய்த நகல். என் துணி துவைக்கும் மெஷின் அதைவிடப் பழையது. இதையே சொன்னேன். சிரித்தார்கள். என் புருஷன் வென்டல் மட்டும் சிரிக்காமல் பூட்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

ஜூன் 27, வியாழன்

ஆர்லோ: "அடுத்த வாரம்."

ஜூலை 9, செவ்வாய்

 கோபத்தில் எழுதுகிறேன்.

இன்று போன் செய்யாமல் நேரே பட்டறைக்குப் போனேன். ஆர்லோ பின்பக்கம் கடைசல் மெஷினில் இருந்தார். சுவரோரத் தாங்கியில் என் துப்பாக்கி. முழு நீளத்தில், நான் கொடுத்தபடியே! குழலில் வெட்ட வேண்டிய இடத்தைக் காட்ட நான் ஒட்டிய நாடா கூட அப்படியே இருக்கிறது. லீவரில் ஒரு சீட்டு கட்டியிருந்தது. ஆர்லோவின் கையெழுத்து: 'வெட்டாதே. வென்டல் சொல்லும் வரை.'

ரெண்டு தடவை படித்தேன்.

"ஆர்லோ, இது யாரோட துப்பாக்கி?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எழுபது வயது மனுஷர், பள்ளிக்கூடப் பையன் மாதிரி முழித்தார். "உன்னுதுதான்."

"அப்ப வென்டல் யாரு சொல்றதுக்கு?"

"அவன் போன் பண்ணான்மா. கொஞ்ச நாள் தள்ளிப்போடு, அவளே மறந்துடுவான்னான். புருஷன் பொஞ்சாதி விஷயம், நான் நடுவுல வர வேண்டாமேன்னு..."

"நடுவுல வர வேண்டாம்னுதான் ஒம்போது வாரம் என் காதுல பூ சுத்தினீங்களா?"

அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். துப்பாக்கியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். சீட்டையும்தான்.

மறந்துவிடுவேனாம். மறந்துவிடுவேனாம்!

ஜூலை 10, புதன்

நேற்றுச் சாப்பாட்டு மேஜையில் வென்டல் முன்னால் தட்டுக்குப் பதிலாக அந்தச் சீட்டை வைத்தேன். பார்த்தான். தொப்பியைக் கழற்றினான்.

"என்னுதும் உன்னுதும் ஜோடி, கொரீன். அடுத்தடுத்த நம்பர். நான் தேடி அலைஞ்சு வாங்கினது. ஒண்ணை வெட்டினா ஜோடி போச்சே."

"எனக்குப் பிறந்தநாளுக்குக் கொடுத்ததா, இல்ல உன் ஜோடிக்கு நான் காவலா?"

"உன் நல்லதுக்குத்தான் சொல்றேன். ஆஸ்பத்திரியில நீ எப்படிக் கிடந்தேன்னு நான்தானே பார்த்தேன். மறுபடி ஏதாவது ஆச்சுன்னா?"

இது எனக்குக் கொஞ்சம் உறைத்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அதோடு நிறுத்தியிருக்கலாம் அவன். "அதான் செப்டம்பர் போட்டிக்குப் பட்டியல் எழுதுற நெல்டாகிட்ட சொல்லி உன்னை ஸ்கோர் எழுத மாத்திட்டேன். நிழல்ல உட்கார்ந்துக்கலாம்" என்றான்.

அதாவது, சுடுகிறவர்கள் பட்டியலிலிருந்து என் பெயரை எடுத்துவிட்டான். எப்போது? மே மாதத்திலேயே! நான் பட்டறைக்குத் துப்பாக்கியைக் கொண்டுபோன அதே வாரம்.

இந்தக் கிளப்பில் ஆளுக்கொரு புனைபெயர் வேண்டும். அவன் 'மணல்மேட்டு ஜட்ஜ்'. எனக்கு 'ஜட்ஜ் சம்சாரம்' என்று அவனே எழுதிக் கொடுத்தான். அன்றைக்கு நானும் சேர்ந்து சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது. அன்றே 'யோவ், என்னைக் கேட்டியா?' என்று கேட்டிருக்க வேண்டும்.

ஜூலை 13, சனி

போட்டிக்குப் போகவில்லை. ஜட்ஜ் தனியாகப் போனார்.

ஜூலை 18, வியாழன்

தொண்ணூறு மைல் ஓட்டிக்கொண்டு மேவிஸிடம் போனேன். மாட்டுத்தீவனக் கடைக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் துப்பாக்கி வேலை செய்கிறவள். மான் வேட்டைக்காரர்கள்தான் அவளுக்கு வாடிக்கை, எங்கள் வேஷக்காரக் கூட்டம் இல்லை. வழி நெடுக வென்டலோடு மனசுக்குள் சண்டை போட்டுக்கொண்டே போனேன். எல்லாவற்றிலும் நான்தான் ஜெயித்தேன்.

"எவ்வளவு வெட்டணும்?" என்றாள்.

இருபது என்று சொல்லத்தான் போனேன். வாயில் வந்தது வேறு. "பதினெட்டு."

ஏன் சொன்னேன்? நாலுக்கு அழுகிறவனுக்கு ஆறாகக் கொடுப்போம் என்ற வீம்பு. வேறொன்றும் இல்லை.

மேவிஸ் அடியிலிருக்கும் தோட்டாக் குழாயைத் தட்டிக் காட்டினாள். "குழலை வெட்டினா இதையும் வெட்டணும். உள்ள போற தோட்டா குறையும். எண்ணிப் பார்த்துட்டுத்தான் சொல்றியா?"

"எண்ணிட்டேன்."

எண்ணவில்லை.

"சட்டத்துக்குப் பதினாறு போதும். பதினெட்டுல பிரச்சனை இல்ல. ஆனா வெட்டினதை ஒட்ட முடியாது, தெரியும்ல?"

"வெட்டு தாயே."

ஜூலை 31, புதன்

வாங்கி வந்தேன். வாய் விளிம்பைக் கண்ணாடி மாதிரி இழைத்திருக்கிறாள். குறிமுள்ளைப் பின்னே நகர்த்திப் பொருத்தி, வெட்டின இடம் தெரியாமல் கறுப்பேற்றியிருக்கிறாள். தோளில் வைத்தேன். நின்றது. நடுங்காமல் நின்றது! கொட்டகையிலேயே எனக்கு அழுகை வந்துவிட்டது. மேவிஸ் வேறு பக்கம் திரும்பி எதையோ தேடினாள்.

வீட்டுக்கு வந்து மருந்தில்லாத பயிற்சித் தோட்டாக்களைப் போட்டுப் பார்த்தேன். ஏழு. எட்டு. ஒன்பது. பத்தாவது போகவில்லை. கட்டைவிரலால் அழுத்தினேன், நகம் பெயர்ந்ததுதான் மிச்சம்.

எங்கள் போட்டியில் ஒவ்வொரு சுற்றுக்கும் துப்பாக்கியில் பத்து. எப்போதும் பத்து. எட்டு வருஷமாகப் பத்து. சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும். மீதி ஒன்றைக் குழலின் பின்முனை அறையில் நேரே போட்டுக்கொள்ளலாமே என்றால், கூடாது, தொடங்கும்போது அறை காலியாக இருக்க வேண்டும் என்பது விதி.

அடி முட்டாள் கொரீன்.

ஆகஸ்ட் 1, வியாழன்

இன்று முழுக்க யார் மேலாவது கோபப்படப் பார்த்தேன். ஆர்லோ? மேவிஸ்? வென்டல்? ஒருவர் மேலும் நிற்கவில்லை. பதினெட்டு என்றது என் வாய்.

வென்டல் துப்பாக்கியைப் பார்த்தான். "ஆறா வெட்டினே?" என்றான். "ஆமாம்" என்றேன். ஒன்பதுதான் போகும் என்று சொல்லவில்லை. செத்தாலும் சொல்ல மாட்டேன்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

நெல்டாவிடம் நானே போன் செய்து பெயரைத் திரும்பச் சேர்த்தேன். "வென்டலுக்குத் தெரியுமா?" என்றாள். நெல்டா, உனக்குமா? "வென்டல் என் பெயரை எடுக்கச் சொன்னப்ப எனக்குத் தெரியுமான்னு கேட்டியா?" என்றேன். "இல்ல... மன்னிச்சுக்கோ" என்றாள்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

வழி ஒன்றுதான். ஒன்பதைச் சுட்டுவிட்டு, கடிகாரம் ஓட ஓட, இடுப்புப் பட்டையிலிருந்து பத்தாவதை எடுத்துத் துப்பாக்கியின் மேல்திறப்பில் போட்டு லீவரைத் தள்ளிச் சுட வேண்டும். விதி அனுமதிக்கிறது. நேரம்தான் போகும். வென்டல் வேலைக்குப் போனதும் கார் நிறுத்தும் கொட்டகையில் பயிற்சித் தோட்டாவை வைத்து நூறு தடவை. முதல் நாள் ஐந்து விநாடி. இன்று மூன்று.

செப்டம்பர் 14, சனி

மாநிலப் போட்டி. தோட்டா போடும் மேஜை. அந்த மேஜைக்கு மேற்பார்வை டெல்பர்ட். ஒன்பது போட்டு நிறுத்தினேன்.

"இன்னும் ஒண்ணு, கொரீன்."

"ஒம்போதுதான் போகும்."

"என்னது? பத்து போகாதபடி வெட்டிட்டியா?" அடுத்த மேஜை வரைக்கும் கேட்கும்படி சிரித்தான். "ஏம்பா ஜட்ஜு, உன் சம்சாரம் எண்ணத் தெரியாம வெட்டிட்டாப்பா!"

வென்டல் எனக்குப் பின்னால் வரிசையில் நின்றான். இப்போது சொல்லுவான், 'நான் அப்பவே சொன்னேன்' என்று. எனக்குக் காது இரண்டும் எரிந்தது. திரும்பிப் பார்க்கவில்லை.

"அவளோட துப்பாக்கி, டெல்பர்ட்" என்றான். அவ்வளவுதான் சொன்னான்.

பத்துச் சுற்றும் முடித்தேன். மூன்று இடத்தில் பத்தாவது தோட்டாவைக் கீழே தவறவிட்டேன், அது குறி தவறியதாகக் கணக்கானது. பெண்கள் பிரிவில் பதினான்கு பேரில் பதினோராவது. தோள் வலித்தது, ஆனால் ஒரு தடவைகூடக் குழல் கீழே இறங்கவில்லை.

மதியம் ஒரே மேஜையில் மிளகாய்க் குழம்பும் லவங்கப்பட்டை போட்ட இனிப்பு ரொட்டியும் சாப்பிட்டோம். "ஒம்போதுதான்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே" என்றான்.

"ஆர்லோவுக்குப் போன் பண்ணினதை நீ எங்கிட்டச் சொன்னியா?"

ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே இருந்தான். "இல்ல" என்றான். "தப்புதான்."

இன்னும் பேசியிருக்கலாம். எனக்குப் பசி.

அக்டோபர் 12, சனி

மாதப் போட்டி. காலையில் பனி. வென்டல் வழக்கம்போல வண்டியில் சாமான் ஏற்றினான். அவன் துப்பாக்கியைக் கொண்டுபோய் வைத்தான், தோட்டாப் பெட்டிகளை வைத்தான். அப்புறம் திரும்பி வந்து துப்பாக்கி அலமாரி முன்னால் சும்மா நின்றான். நான் பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்தேன்.

"உன்னுதை எடுத்து வைக்கட்டுமா?"

"வை" என்றேன்.

கையில் எடுத்தான். வாசல் வரை போனவன் நின்று, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, தோளில் வைத்துப் பார்த்தான். இறக்கினான். மறுபடியும் ஒரு தடவை வைத்துப் பார்த்தான்.