யாரைக் கேட்டுக் கட்டினே?

மார்ச் 4, செவ்வாய்

இன்று அச்சகத்தில் பிழை பார்க்கும்போது விட்டுப்போன ஒரு புள்ளியைப் பிடித்தேன். இருமல் மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் தாளில் 2.5 மில்லி என்பது 25 மில்லி என்று வந்திருந்தது. மூன்று பேர் பார்த்துக் கையெழுத்துப் போட்டு அனுப்பிய தாள் அது. அச்சகத்து மெஷின் அண்ணன் ஓடிக்கொண்டிருந்த மெஷினை நிறுத்திவிட்டு வந்து, உன் கண் கண்ணா, பூதக்கண்ணாடியா என்று கேட்டார். கொஞ்சம் தலைக்கனத்தோடுதான் சாப்பிட உட்கார்ந்தேன்.

அப்போது போன். தேனில் குழைத்த மாதிரி ஓர் ஆண் குரல். அம்மாவின் கல்விக் கடன் பாக்கி பற்றிப் பேச வேண்டுமாம். சிரித்துவிட்டேன். யாரோ ஓர் அம்மா மகள் படிப்புக்கு வாங்கிய கடன், நம்பர் மாறி எனக்கு வந்துவிட்டது என்று நினைத்தேன். என் அம்மா ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் மேற்பார்வையாளர், மே கடைசியில் ஓய்வு பெறப் போகிறவள், அவளுக்கு ஏது கல்விக் கடன்?

அவன் என் அம்மாவின் பிறந்த தேதியைச் சொன்னான். பழைய வீட்டு முகவரியைச் சொன்னான். மூக்குக்கண்ணாடித் தொழில்நுட்பம், இரண்டு வருடப் படிப்பு, பதின்மூன்று வருடத்துக்கு முன்பு என்றான்.

அம்மா சாயங்கால வகுப்புக்குப் போனது எனக்கு ஞாபகம் இருக்கிறது. எட்டு மாதத்தில் அந்த நிறுவனத்தை இழுத்து மூடியதும் ஞாபகம் இருக்கிறது. ஆஸ்பத்திரியே அனுப்பி வைத்த இலவச வகுப்பு என்றல்லவா நினைத்திருந்தேன்.

மார்ச் 5, புதன்

கேட்டேன். அம்மா முழங்காலில் வெந்நீர்ப் பை வைத்துக்கொண்டிருந்தாள். "ஆமா, வாங்கினேன். கட்டல. நீ போன எடுக்காதே." அவ்வளவுதான். பிறகு டிவியின் சத்தத்தைக் கூட்டினாள்.

ஏன் கட்டவில்லை, எவ்வளவு, என்னிடம் ஏன் சொல்லவில்லை - எதைக் கேட்டாலும் டிவியைத்தான் பார்த்தாள். கல்லுளிமங்கி.

மார்ச் 6, வியாழன்

தேன்குரல் நான்கு தடவை. பதினோரு வருடமாகத் தவணையே வரவில்லையாம். ஒரு தடவை மேனேஜர் பக்கத்தில் நின்றார்.

மார்ச் 11, செவ்வாய்

கடைக்காரர் மீதிச் சில்லறையை அதிகமாகக் கொடுத்துவிட்டார் என்று பத்து வயதுப் பெண்ணை மழையில் திருப்பி அனுப்பியவள் இவள். பேனா இரவல் வாங்கினால்கூடத் திருப்பிக் கொடுத்தாயா என்று மூன்று முறை கேட்பாள். அப்படிப்பட்டவள் கடனை வாங்கிவிட்டு, கட்டாமல், பதினோரு வருடம் என் முகத்தைப் பார்த்து ஒன்றுமே நடக்காத மாதிரி இருந்திருக்கிறாள். எனக்கு வந்த ஆத்திரத்தை என்னவென்று எழுதுவது? ஊருக்குத்தான் உபதேசமா?

அதைவிடப் பெரிய பயம் வேறு. அம்மாவுக்கு ஓய்வுத் தொகை வந்ததும் ஜூனில் முழங்கால் அறுவை சிகிச்சை. டாக்டர் தேதியே குறித்துவிட்டார். இரண்டு வருடமாகப் படியேறும்போது கைப்பிடியைப் பிடித்து இழுத்து இழுத்து ஏறுகிறாள். அந்தத் தொகை மொத்தத்தையும் கோர்ட் மூலம் பிடித்துக்கொள்வோம் என்கிறான் தேன்குரல். அடுத்த மூச்சில், "நீங்க பொறுப்பான பொண்ணு மேடம். நல்லெண்ணத்துக்கு ஒரு ஐந்நூறு மட்டும் கட்டிடுங்க, நான் மேல பேசி நிறுத்தி வைக்கிறேன்" என்கிறான்.

கட்டிவிட்டேன். காகிதம் வெட்டும் மெஷினுக்குப் பின்னால் நின்று, அவன் அனுப்பிய இணைப்பில், என் அட்டையில். கட்டியதும் நெஞ்சில் இருந்து ஒரு மூட்டையை இறக்கின மாதிரி இருந்தது. இந்த வீட்டில் ஒருத்தியாவது ஒழுங்காக இருக்க வேண்டாமா?

அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் குதிப்பாள்.

மார்ச் 12, புதன்

போன் வரவில்லை. பார்த்தாயா, இவ்வளவுதான் விஷயம்.

மார்ச் 24, திங்கள்

ஆத்திரம் இன்னும் தணியவில்லை. எழுதினால் அடங்கும்.

வேலை முடிந்து வந்தபோது அம்மா சாப்பாட்டு மேசையில் ஒரு கடிதத்தை விரித்து வைத்து உட்கார்ந்திருந்தாள். தாங்கள் செலுத்திய ஐந்நூறுக்கு நன்றி, மீதித் தொகையை முப்பது நாளில் கட்டவும் என்று அவள் பெயருக்கு வந்திருந்தது. கூடவே ஒரு படிவம். மேற்படி தொகை என் சார்பில், என் சம்மதத்துடன் செலுத்தப்பட்டது - இதில் கையெழுத்துப் போட்டால் வட்டியில் தள்ளுபடி.

"யாரைக் கேட்டுக் கட்டினே?"

சத்தம் போட்டுக்கூடக் கேட்கவில்லை. உன் முழங்காலுக்காகத்தானே என்றேன். யாரைக் கேட்டுக் கட்டினே? அவன் விடமாட்டேன் என்றான் அம்மா. யாரைக் கேட்டுக் கட்டினே?

எனக்கு வந்ததே கோபம். நீ யாரைக் கேட்டு மறைச்சே, பதினோரு வருஷமா என்னை முட்டாளாக்கி வச்சிருந்தியே, கடன்காரி மகள்னு கண்டவன் போன்ல என்னைக் கேக்கறான் - என்னென்னவோ கத்தினேன். பக்கத்து வீட்டு ஜன்னல் சாத்தும் சத்தம் கேட்டது.

அம்மா எழுந்து, நொண்டிக்கொண்டே போய், அலமாரியிலிருந்து ஒரு நீலக் கோப்பைக் கொண்டுவந்து என் முன்னால் போட்டாள். இதை ஏன் முதலிலேயே காட்டவில்லை என்று கேட்டேன்.

"சொன்னா நீ கட்டிடுவே."

மார்ச் 25, செவ்வாய்

லீவு சொல்லிவிட்டுக் கோப்பைப் படித்தேன். பதினோரு கடிதங்களின் நகல்கள். வருடத்துக்கு ஒன்று, வங்கியின் தலைமை அலுவலகத்துக்கு, அம்மாவின் குண்டுக் கையெழுத்தில்.

இரண்டு வருடக் கட்டணத்தையும் வங்கி முதல் நாளே அந்த நிறுவனத்துக்குக் கொடுத்துவிட்டது. எட்டாவது மாதம் முதலாளி அறுபது பேருக்கும் நாமம் போட்டுவிட்டு மறைந்துவிட்டான். அம்மா அதற்குப் பிறகும் தவணை கட்டியிருக்கிறாள். பதினான்கு தவணை! சலவை அறை நீராவியில் வெந்து சம்பாதித்த பணம். பதினைந்தாவது தவணைக்கு முன்னால் வங்கிக்குப் போய், நடக்காத பதினாறு மாத வகுப்புக்கு நான் ஏன் கட்ட வேண்டும் என்று கேட்டிருக்கிறாள். அதற்கு வந்த பதிலை முதல் கடிதத்தில் எழுதியிருக்கிறாள்: 'படிப்பு உங்கள் பிரச்சினை, கடன்தான் எங்கள் பிரச்சினை என்று உங்கள் மேலாளர் சொன்னார். அப்படியானால் கடன் உங்கள் பிரச்சினையாகவே இருக்கட்டும்.'

அன்றோடு நிறுத்தியிருக்கிறாள். கையில் இல்லாமல் நிறுத்தவில்லை. மாட்டேன் என்று நிறுத்தியிருக்கிறாள்.

ஒரு கடிதத்துக்குக்கூடப் பதில் இல்லை. ஒன்றுக்கும்! படித்தவர்கள் எத்தனை பேர் அந்தக் கட்டடத்தில் உட்கார்ந்திருப்பார்கள்? பதினோரு வருடம் ஒரு பெண் நியாயம் கேட்டு எழுதுகிறாள், ஒருவனுக்கும் பேனா எடுக்க நேரமில்லை. ஆனால் அந்தக் கடனைச் சல்லிசாக இன்னொரு கம்பெனிக்கு விற்க நேரம் இருந்திருக்கிறது. வாங்கியவனுக்கு என் நம்பரைத் தேடிப் பிடிக்க நேரம் இருந்திருக்கிறது.

அவன்களோடு சேர்ந்து நானும் அம்மாவைத் திருடி மாதிரி பார்த்தேனே.

மார்ச் 28, வெள்ளி

இலவச சட்ட உதவி மையம். என் வயதுதான் இருக்கும் அந்த வக்கீலுக்கு, கடுமையான சளி. தும்மித் தும்மிப் படித்தார். கடைசியாகக் கட்டியதிலிருந்து ஆறு வருடம் வழக்கே போடாமல் விட்டால், அதற்குப் பிறகு கோர்ட்டில் கேட்க முடியாதாம்; ஆனால் ஒப்புக்கொண்டு கொஞ்சம் கட்டினால்கூடக் கணக்கு மறுபடி தொடங்கிவிடுமாம். "இந்தக் கடன் அஞ்சு வருஷத்துக்கு முன்னாடியே செத்துப் போச்சு. நீங்க போய் எழுப்பி உட்கார வச்சிருக்கீங்க."

ஐந்நூறு கட்டிய அன்று வந்த குறுஞ்செய்தியைக் காட்டச் சொன்னார். நன்றிக்குக் கீழே ஐந்து வரி, பொடி எழுத்து: இத்தொகையைச் செலுத்துவதன் மூலம் கடன்தாரர் நிலுவை முழுவதையும் ஒப்புக்கொள்கிறார். பொடி எழுத்தைப் படித்துத்தான் நான் சோறு தின்கிறேன். ஊரான் இருமல் மருந்தில் புள்ளியைப் பிடித்தவள், அம்மா தலையில் மண்ணை வாரிப் போட்டேன். வக்கீல் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அவர் அம்மாவிடம் திரும்பி, மகள் கட்டியது உங்களுக்குத் தெரியுமா என்றார். என்னைக் கேட்கவே இல்லையே என்று அம்மா பொரிந்தாள். வக்கீல் மூக்குத் துடைப்பதை நிறுத்திவிட்டார். அந்தப் படிவத்தில் கையெழுத்துப் போட்டீர்களா?

"நான் எதுக்குப் போடணும்?"

கடன்தாரர் கட்டினாலோ, சொல்லிக் கட்ட வைத்தாலோ, தன் கடன் என்று எழுதிக் கொடுத்தாலோதான் ஒப்புக்கொண்டதாக ஆகுமாம். மூன்றாம் ஆள் தானாக மூக்கை நுழைத்துக் கட்டினால் ஆகாது என்று வாதாடலாமாம். ஜெயிக்கும் என்று சத்தியம் செய்ய மாட்டேன் என்றும் சொன்னார். பிறகு பதினோரு கடிதங்களையும் ஒரு பயத்தோடு புரட்டினார், எங்கேயாவது 'என் கடன்' என்று எழுதியிருக்கிறாளா என்று. எங்கேயும் இல்லை. எல்லாவற்றிலும் 'நீங்கள் என் கடன் என்று சொல்லும் தொகை'.

ஏப்ரல் 9, புதன்

சம்மன் வந்தது. வழக்கு முடியும்வரை ஓய்வுத் தொகையை நிறுத்தி வைக்கவும் கேட்டிருக்கிறார்கள். ஐந்நூறில் வாங்கிய வினை.

ஏப்ரல் 20, ஞாயிறு

அம்மா என்னோடு சரியாகப் பேசுவதில்லை. ஆனால் காலையில் என் மூக்குக்கண்ணாடியைக் காணவில்லை என்று தேடினால், மேசையில் கருவிகள் வைத்திருக்கும் ஒரு சின்ன டப்பாவைத் திறந்து வைத்து, ஊசி முனை அளவு திருகாணியை முடுக்கிக்கொண்டிருக்கிறாள். அந்தப் படிப்பில் அவளுக்கு மிஞ்சியது அந்த டப்பா ஒன்றுதான். சலவைப் பிரிவு முழுக்க அவளிடம்தான் கண்ணாடி ரிப்பேர்.

மே 6, செவ்வாய்

நீதிமன்ற அறை எங்கள் அச்சகத்துக் காகிதக் கிடங்கைவிடச் சின்னது. கம்பெனி வக்கீல் முதலில் என்னைக் கூப்பிட்டார். ஏன் அம்மாவிடம் சொல்லவில்லை? திட்டுவார்கள் என்று பயம் என்றேன். முப்பத்தொரு வயதில், இருபது பேர் முன்னால். மானம் போயிற்று, போகட்டும்.

பிறகு அம்மா. உட்கார்ந்தே பதில் சொல்லலாம் என்று நீதிபதி சொன்னார். அம்மா கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஒரே வீட்டில், ஒரே மேசையில் சாப்பிடும் மகள் உங்களிடம் சொல்லாமல் கட்டினாள் என்றால் நம்புகிற மாதிரியா இருக்கிறது என்று கேட்டார் அந்த வக்கீல்.

"நான் கடன் விஷயத்தைப் பதினோரு வருஷம் அவகிட்ட சொல்லல. அவ கட்டின விஷயத்தைப் பதிமூணு நாள் என்கிட்ட சொல்லல. எங்க வீட்டுல அப்படித்தாங்க."

நீதிபதி குனிந்துகொண்டார். சிரித்தாரா, எழுதினாரா தெரியவில்லை. மகள் கட்டியதை நீங்கள் ஏற்றுக்கொள்கிறீர்களா என்று அவரே கேட்டார். அம்மா என் பக்கம் திரும்பி, வீட்டில் கேட்ட அதே குரலில், "அன்னிக்கே கேட்டேங்க, யாரைக் கேட்டுக் கட்டினேன்னு. இன்னும் பதில் சொல்லல" என்றாள்.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. வெளியே வந்ததும் அம்மா சொன்ன முதல் வார்த்தை: நீதிபதி கண்ணாடி இடது பக்கம் கோணல், இரண்டு நிமிட வேலை.

மே 23, வெள்ளி

வழக்கு தள்ளுபடி. காலம் கடந்த கடன், மகள் கட்டியது கணக்கில் சேராது. ஓய்வுத் தொகையைத் தொட முடியாது. அச்சகத்திலிருந்து போன் போட்டு அழுதேன்.

அம்மாவுக்குத் திருப்தி இல்லை. "காலம் கடந்து போச்சுன்னுதானே சொல்றாங்க. அவங்க செஞ்சது தப்புன்னு யாரும் சொல்லலியே."

ஜூன் 17, செவ்வாய்

வலது முழங்கால் முடிந்தது. சம்மதப் படிவம் நான்கு பக்கம். நர்ஸ் காத்திருக்க, பொடி எழுத்து எதுவும் தப்பாதபடி கடைசி வரியிலிருந்து மேலாக, அச்சகத்தில் படிக்கிற மாதிரி முழுக்கப் படித்துச் சொன்னேன். அம்மா கேட்டுவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டாள்.

ஜூலை 3, வியாழன்

அம்மா ஊன்றுகோலோடு ஜன்னல்வரை இருபது தடவை நடந்தாள். பிறகு காலை நீட்டி உட்கார்ந்து, மடியில் பலகையை வைத்து எழுத ஆரம்பித்தாள். பன்னிரண்டாவது கடிதம். நடக்காத வகுப்புக்குக் கட்டிய தவணைகளைத் திருப்பிக் கேட்கிறாள்.

சாயங்காலம் என்னிடம் நீட்டி, உன் வேலைதானே, பிழை பார்த்துக் கொடு என்றாள். மூன்று முறை படித்தேன். ஓர் எழுத்தைக்கூட மாற்றவில்லை. கீழே அவள் கையெழுத்துப் போட்டிருந்தாள். பக்கத்தில், இன்னொரு கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தாள்.

போட்டேன்.