நானே திருத்திய கடிதம்

அன்புள்ள வாயாடிக்கு,

மகள் வீட்டில் எல்லோரும் சுகமா? பேத்தி குப்புற விழுந்துவிட்டாளா? இங்கே குழாய் இன்னும் ஒழுகுகிறது.

நேற்று மேனேஜர், தலைமை அலுவலகத்துக்குப் போகும் ஆங்கிலக் கடிதத்தை வழக்கம்போல என்னிடம் திருத்தக் கொடுத்தார். மாதக் கடைசியில் பிழைதிருத்துநரை வேலையிலிருந்து விடுவிப்பதாக எழுதியிருந்தார். பதவிக்கு முன்னால் 'தி' போட்டிருந்தார். உன்னைப் போய் வாயாடி என்கிறேன், என் வாய் சும்மா இருந்ததா?

"சார், 'தி' போட்டா, இன்னார்தான்னு ஏற்கெனவே தெரிஞ்ச ஒரே ஆள்னு அர்த்தமாயிடும். நாங்க ஆறு பேர் இருக்கோமே, 'எ'தானே வரணும்?"

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"அது அப்படியே இருக்கட்டும்ண்ணே."

இருபத்தாறு வருஷத்தில் அவர் என்னை அண்ணே என்றது நேற்றுத்தான்.

அப்படியே விட்டுவிட்டேன். இரண்டு கமாவை மட்டும் சரிசெய்து கொடுத்தேன். எழுத்து கொஞ்சம் கோணிவிட்டது.

நீ அவசரப்பட்டுக் கிளம்ப வேண்டாம். எப்போது வந்தாலும், எந்த நேரத்து வண்டியானாலும், இந்த முறை ஸ்டேஷனுக்கு நானே வருகிறேன். லீவு கேட்க வேண்டியதில்லை.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்